மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி.: ரேட் பேசுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய கணக்கு

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "வீட்டு வேலை லேபர் காண்ட்ராக்டாக எடுத்துச் செய்கிறேன். சில இடங்களில் மெட்டீரியலோடு சேர்த்துக் கடை, காம்பவுண்டு சுவர் கட்டிக் கொடுக்கிறேன். மச்சானோடு சேராமல் என் பெயரிலேயே ஓர் அறுவடை மிஷினும் இருக்கிறது. போன வருஷம் எல்லாம் சேர்ந்து 18 லட்சம் வந்தது. இந்த வருஷம் இதுவரை 14 லட்சம். இப்போது ஊராட்சி ஒன்றியத்தில் 8 லட்சத்துக்கு ஒரு சிறுபாலம் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஜி.எஸ்.டி. நம்பர் கேட்கிறார்கள். சித்தப்பா, 'வாட் காலத்தில் 2 பர்சென்ட் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்' என்கிறார். இன்னொருவர் பஞ்சாயத்து வேலைக்கு வரியே கிடையாது என்கிறார். நம்பர் எடுக்க வேண்டுமா, எவ்வளவு கட்ட வேண்டும், மனைவி பெயரில் எடுத்தால் தப்பிக்கலாமா?"

நான் தஞ்சாவூரில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சிறு காண்ட்ராக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கணக்கு எழுதி ரிட்டர்ன் போடுகிறவன். இந்தக் கேள்வி ஒருவருடையது மட்டும் அல்ல. டெல்டாவில் ஒரே ஆள் தை மாசியில் அறுவடை மிஷின் ஓட்டுவார், சித்திரை வைகாசியில் வாய்க்கால் வேலை எடுப்பார், நடுவில் வீடு கட்டுவார். ஒவ்வொரு வேலைக்கும் வரி வேறு. ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது எல்லாம் ஒரே மூட்டையில் போய் விழும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில்: எடுக்க வேண்டும். சிறுபாலம் வேலைக்கு 18 சதவீதம் வரி உண்டு. பாலத்துக்கு முதல் சிமெண்ட் மூட்டை வாங்குவதற்கு முன்பே நம்பர் கையில் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பா சொல்வது பொய் இல்லை, பழைய கதை. தமிழ்நாட்டில் 2007 முதல் 2017 வரை வாட் (மதிப்புக் கூட்டு வரி) சட்டம் இருந்தது. சிவில் வேலைக்கு மொத்தத் தொகையில் 2 சதவீதம் என்று இணக்க முறையில் கட்டிவிட்டால், உள்ளே எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கூலி என்று யாரும் பிரித்துக் கேட்க மாட்டார்கள். அரசு வேலை என்றால் பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள். சேவைக்குத் தனியாக மத்திய அரசின் சர்வீஸ் டாக்ஸ் இருந்தது; கடைசியில் அது 15 சதவீதத்தில் நின்றது. 2017 ஜூலை 1 அன்று இரண்டும் போய் ஜி.எஸ்.டி. வந்தது. இன்று நம் தொழிலில் வாட் மிச்சம் இருப்பது மிஷினுக்கும் டிராக்டருக்கும் போடுகிற டீசலில்தான். இப்போதும் அரசு பில்லில் 2 சதவீதம் பிடிக்கிறார்கள். ஆனால் அது வேறு 2 சதவீதம். அதோடு கதை முடியாது, அது ஆரம்பம்தான். இந்த ஒரு குழப்பத்தால் நொடித்துப்போன இரண்டு மூன்று பேரை எனக்கே தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி வரம்பு. சரக்கு மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம். சேவை செய்கிறவருக்கும், சேவையும் சரக்கும் கலந்து செய்கிறவருக்கும் 20 லட்சம். மெட்டீரியலோடு கட்டிக் கொடுப்பதைச் சட்டம் சேவையாகத்தான் பார்க்கிறது. ஆகவே உங்களுக்கு 20 லட்சம். இது லாபம் இல்லை, வரவு. நிதியாண்டுக் கணக்கு, ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒரு பான் கார்டுக்கு ஒரு கணக்கு.

பலரும் தடுக்கி விழுகிற இடம் இனிமேல்தான். வரிவிலக்கு உள்ள வேலையில் வந்த பணமும் இந்த 20 லட்சத்தில் சேரும். அறுவடை மிஷின் வாடகைக்கு வரி இல்லை, சரி. ஆனால் அந்த வாடகை வரவு கணக்கில் உண்டு. ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவரிடம் இரண்டு அறுவடை மிஷின். குறுவைக்கும் சம்பாவுக்கும் சேர்த்து வருஷம் 30 லட்சம் வாடகை வருகிறது. வேறு தொழிலே இல்லை. அவர் நம்பர் எடுக்கத் தேவையில்லை. முழுக்க விலக்குள்ள சேவை மட்டும் செய்கிறவரைப் பதிவு செய்யச் சட்டம் கேட்பதில்லை. அதே ஆள் ஆசைப்பட்டு ஒரு ஜே.சி.பி. வாங்கி, யாரோ கடை கட்ட அஸ்திவாரம் தோண்டிக் கொடுத்து 50,000 ரூபாய் வாங்கினார் என்றால், அந்த 50,000 வரிக்கு உட்பட்ட சேவை. மொத்த வரவு ஏற்கெனவே 20 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அன்றைக்கே அவர் நம்பர் எடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். வரி அந்த 50,000க்கும் இனி வரும் அதே மாதிரி வேலைகளுக்கும்தான், மிஷின் வாடகைக்கு இல்லை. ஆனாலும் பதிவு, தவறாமல் ரிட்டர்ன் என்று எல்லாம் தொடங்கிவிடும்.

உங்கள் கணக்கும் அப்படித்தான். இதுவரை 14, பாலம் 8, ஆக 22. பாலத்து பில் போடும்போது வரம்பைத் தாண்டுகிறீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்து முடித்து பணம் வாங்கிய வேலைகளுக்குப் பின்தேதியிட்டு வரி கேட்க மாட்டார்கள். போன வருஷத்து 18 லட்சத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்.

அடுத்து, உங்கள் வேலைகளில் எதற்கு வரி, எதற்கு இல்லை என்று பிரிப்போம்.

லேபர் மட்டும் எடுத்து ஒரு குடும்பத்துக்கான தனி வீட்டைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் வரி இல்லை. இது உங்களைப் போன்ற மேஸ்திரிகளுக்குக் கிடைத்திருக்கிற பெரிய சலுகை, ஆனால் மூன்று வேலி இருக்கிறது. மெட்டீரியல் முழுக்க வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். "கம்பி மட்டும் நான் போடுகிறேன்" என்று சொன்னால் விலக்கு போய்விடும். தனி வீடாக இருக்க வேண்டும்; அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பகுதி என்றால் இல்லை, கீழே நான்கு கடை மேலே வீடு என்றாலும் சிக்கல். மூன்றாவது, புது வேலையாக இருக்க வேண்டும். பழைய வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, தளத்துக்கு மேல்பூச்சு பூசுவது போன்ற பராமரிப்பு வேலை லேபர் மட்டும் என்றாலும் இந்த விலக்கில் வராது. எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் "மனை எண் இன்னது, ஒரு குடும்பத்துக்கான வீடு, லேபர் மட்டும், சதுர அடிக்கு இவ்வளவு, பொருள் அனைத்தும் வீட்டுக்காரர் பொறுப்பு" என்று நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

அறுவடை மிஷின், டிராக்டர் உழவு, நடவு மிஷின், மருந்தடிப்பு, நெல் அடிப்பது, நெல் மூட்டை ஏற்றி இறக்குவது, விவசாயக் கூலி ஆள் அனுப்புவது, எல்லாம் விலக்கு. ஆனால் நெல் வரைக்கும்தான் அந்த விலக்கு. நெல்லைக் கூலிக்கு அரைத்து அரிசியாக்கிக் கொடுத்தால் 5 சதவீதம் வரி என்று 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஹல்லிங் செய்கிற ரைஸ் மில்காரர்கள் சிலர் இன்னும் இதைத் தெரியாமல் இருக்கிறார்கள்.

நம் ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மேஸ்திரிக்கு இல்லை என்றாலும் படிக்கிற யாருக்காவது உதவும். நாகஸ்வரம், தவில், பரதம், தெருக்கூத்து போன்ற மரபுக் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்குகிற தொகை ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. கல்யாணத்துக்கு வாசிக்கிற மேளக்காரரிடம் போய் ஜி.எஸ்.டி. பில் கேட்காதீர்கள்.

அப்புறம் பாலம். பஞ்சாயத்து வேலைக்கு வரி இல்லை என்று உங்களிடம் சொன்னவர் பாதி சரி. ஊராட்சிக்கு அரசியலமைப்பு ஒதுக்கியிருக்கிற பணிகளுக்காக, மாநில அரசுக்கோ உள்ளாட்சிக்கோ நேரடியாகச் செய்கிற வெறும் சேவைக்கு வரி விலக்கு உண்டு. குப்பை அள்ள ஆள் அனுப்புவது போல. பொருளும் கலந்திருந்தால், பொருளின் மதிப்பு மொத்தத்தில் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கான்கிரீட் போட்டுக் கட்டுகிற சிறுபாலத்தில் சிமெண்ட், கம்பி, ஜல்லி, எம் சாண்ட் சேர்ந்தாலே 25ஐத் தாண்டிவிடும். ஆகவே அந்த விலக்கு இதற்கு வராது. அரசு வேலைக்கு 12 சதவீதம் என்று இருந்த சலுகையும் 2022 ஜூலை 18 முதல் போய்விட்டது. 18தான்.

இப்போது கணக்குப் போடுவோம். உங்கள் வேலை மதிப்பு 8,00,000. வரி 1,44,000. பில் 9,44,000. சிமெண்ட், கம்பி 2,50,000க்கு வாங்கினீர்கள், அதற்கு வரி 18 சதவீதம், 45,000. (சிமெண்டுக்கு முன்பு 28 இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18.) ஜல்லி, எம் சாண்ட் 60,000க்கு, வரி 5 சதவீதம், 3,000. ஆக நீங்கள் வாங்கும்போதே கட்டிவிட்ட வரி 48,000. அதைக் கழித்துக்கொள்ளலாம், இதைத்தான் இன்புட் என்கிறோம். 1,44,000இல் 48,000 போக 96,000. ஒன்றியத்தில் 2 சதவீதம், அதாவது 16,000 ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். அதுவும் உங்கள் வரிதான். மிச்சம் 80,000 நீங்கள் சலான் போட்டுக் கட்ட வேண்டும். சித்தப்பா சொல்கிற 2 சதவீதத்தோடு நிறுத்தினால் இந்த 80,000 பாக்கி நிற்கும், வருஷத்துக்கு 18 சதவீத வட்டியோடு.

வரி ஏன் இவ்வளவு பெரிதாக நிற்கிறது? கூலிக்கு இன்புட் கிடையாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுத்த கூலியில் வரி ஏதும் இல்லாததால் கழிக்கவும் ஒன்றும் இல்லை. மிஷினுக்குப் போட்ட டீசலுக்கும் கிடையாது, அது இன்னும் வாட்டில் இருக்கிறது. கூலியும் டீசலும் கூடுதலாக இருக்கிற வேலையில் கையிலிருந்து போகிற வரியும் கூடும். ரேட் சொல்லும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

இதனால்தான் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது ரிட்டர்னைப் பற்றி அல்ல. "நீங்கள் கோட் பண்ணின தொகையில் வரி உள்ளேயா, வெளியேயா?" என்றுதான் கேட்பேன். எஸ்டிமேட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். வேலை மதிப்பு ஒரு வரி, அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று தனி வரி, அப்புறம் தொழிலாளர் நல நிதி ஒரு சதவீதம் என்று இருந்தால் வரி வெளியே. அப்படி இல்லாமல் "எல்லா வரிகளும் உட்பட" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 8,00,000க்குள்ளேயே 1,22,034 வரி இருக்கிறது. உங்கள் வேலைக்கு உண்மையில் கிடைப்பது 6,77,966தான். ஒரே 8 லட்சம். ஒரு வார்த்தையில் 1,22,034 ரூபாய் வித்தியாசம். டெண்டர் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் பார்க்காதவருக்கு எந்த ஆடிட்டராலும் பிற்பாடு உதவ முடியாது.

வரி விகிதம் நடுவில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்தில் ஒன்று. ஒரத்தநாடு பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் முழுக்க வெயிலில் நின்று, வாய்க்கால் தூர்வாரி கரை கட்டி, ஜூன் முதல் வாரம் முடித்துக் கொடுத்தார். வேலையின் அளவைப் பதிகிற எம் புக்கும் எழுதியாகிவிட்டது. மண் வேலை முக்கால் பங்குக்கு மேல் இருந்ததால் அப்போது வரி 12 சதவீதம். எஸ்டிமேட்டிலும் 12தான். பணம் வரட்டும், பில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். பணம் அக்டோபரில் வந்தது. இடையில் செப்டம்பர் 22 முதல் அந்த மண் வேலைக்கு வரி 18 ஆகிவிட்டது. வேலை முன்பே முடிந்திருந்தாலும், பில், பணம் இரண்டும் மாற்றத்துக்குப் பிறகு என்றால் புது விகிதம்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. துறை கொடுத்தது 12. கட்ட வேண்டியது 18. மீதி 6 சதவீதத்துக்கு அவர் திரும்பத் திரும்ப அலுவலகம் ஏறி இறங்கினார், வரவில்லை. ஜூன் மாதமே, வேலை முடிந்த 30 நாளுக்குள் பில் போட்டிருந்தால் 12தான். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எம் புக் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலையை நான் ஜூன்லயே முடிச்சிட்டேனே சார்" என்று மூன்று முறை சொன்னார். எனக்கு இன்றும் அது மனதில் நிற்கிறது.

ஆனால் பில்லை உடனே போட்டால் இன்னொரு பக்கம் இடிக்கும். பணம் வருவதற்கு முன்பே வரி கட்ட வேண்டி வரும். சேவைக்கு வரி எப்போது என்றால் பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியோ அது. உங்கள் பாலத்துக்கு 80,000 நாலு மாதம் தாமதமானால் வட்டி 4,800. அந்த 80,000ஐ எப்படியாவது புரட்டி நேரத்துக்குக் கட்டிவிடுவதுதான் என் ஆலோசனை. சின்ன வேலை என்றால் அளவு எடுத்துக் காசோலை தயாராகும் நேரமும் பில் தேதியும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்படி உதவிப் பொறியாளரிடம் பேசி வேலையை முடிக்கலாம். பெரிய வேலை என்றால் பகுதி பில்லாகப் பிரித்துப் போடுவது நல்லது. முன்பணம் வாங்கினாலும் சேவைக்கு அப்போதே வரி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இன்புட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த 48,000 தானாக வந்துவிடாது. சிமெண்ட் கடையில் பில் வாங்கும்போது உங்கள் பெயரும் 15 இலக்க ஜி.எஸ்.டி. நம்பரும் அதில் இருக்க வேண்டும். நம் மாநிலத்து நம்பர் 33இல் தொடங்கும். கடைக்காரர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் இன்புட்டைக் காட்டுகிற 2பி பட்டியலில் வரும். வந்தால்தான் கழிக்க முடியும். என்னிடம் மஞ்சள் பையில் பில் கொண்டுவருகிறவர்கள் உண்டு. எடுத்துப் பார்த்தால் பாதி மைத்துனர் பெயரில், பாதி "ரொக்கம்" என்று, கம்பிக் கடை பில் ஒன்று எழுத்தே அழிந்து வெள்ளைத் தாளாக இருக்கும். அவற்றுக்கு ஒரு பைசா இன்புட் கிடையாது. "பில் வேண்டாம் என்றால் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கிறேன்" என்று கடையில் சொல்வார்கள். நம்பர் உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாய் நஷ்டம்தான். மூட்டைக்கு நாற்பது ஐம்பது ரூபாய் இன்புட் போகும். முதல் சிமெண்ட் மூட்டைக்கு முன்பே நம்பர் எடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஒன்றியத்தில் பிடிக்கிற 2 சதவீதம்: ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்தால் பிடிப்பார்கள். 2018 அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. அவர்கள் தங்கள் ரிட்டர்னைப் போட்ட பிறகு உங்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் வந்து நிற்கும். நீங்கள் உள்ளே போய் "ஏற்கிறேன்" என்று அழுத்தினால்தான், வரி கட்டப் பயன்படுகிற உங்கள் ரொக்கக் கணக்கான கேஷ் லெட்ஜரில் ஏறும். அழுத்தாமல் இரண்டு வருஷம் 16,000, 22,000 என்று தூங்கிக்கொண்டிருந்த கணக்குகளை நான் எழுப்பியிருக்கிறேன். உங்கள் பெயரில் வரவில்லை என்றால் ஒன்றிய அலுவலகக் கணக்கர் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை அல்லது நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று பொருள். நேரில் போய்க் கேளுங்கள். இதோடு வருமான வரிக்கு ஒரு சதவீதம் தனியாகப் பிடிப்பார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்றை மற்றதில் கழிக்க முடியாது.

உங்களுக்கு யாராவது "காம்போசிஷன் எடுத்துவிடுங்கள், 6 சதவீதத்தோடு போய்விடும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும்" என்று சொல்வார்கள். 2019 ஏப்ரல் முதல் அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மை. முந்தைய வருஷ வரவு 50 லட்சம் வரை உள்ள சேவைக்காரர் சேரலாம். ஆனால் நீங்கள் சேராதீர்கள். அதில் வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, இன்புட்டும் கிடையாது. அதைவிட முக்கியம், அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் விலக்குள்ள வேலைக்கும் 6 சதவீதம் கட்ட வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. வரியே இல்லாத உங்கள் லேபர் காண்ட்ராக்டும் அறுவடை மிஷின் வாடகையும் அதற்குள் இழுத்துக்கொண்டு போகப்படும். அடுத்த வருஷம் 26 லட்சம் வந்து, அதில் பாதி விலக்குள்ளது என்று வைத்துக்கொள்வோம். காம்போசிஷனில் 26 லட்சத்துக்கும் 6 சதவீதம், 1,56,000, முழுக்க உங்கள் பையிலிருந்து. சாதாரணப் பதிவில் 13 லட்சத்துக்கு மட்டும் வரி, அதையும் வாடிக்கையாளரிடம் வாங்கி, இன்புட் கழித்துக் கட்டுகிறீர்கள். வேளாண் வேலையும் கட்டட வேலையும் கலந்து செய்கிற டெல்டாக்காரருக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது.

யாருக்கு ஒத்துவரும்? கும்பகோணத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 30 லட்சம் வரவு, வாடிக்கையாளர் எல்லாம் குடும்பத்தார், இன்புட் தேவைப்படாதவர்கள். அவருக்கு 6 சதவீதம் என்றால் 1,80,000. சாதாரண முறையில் அதே 30 லட்சத்துக்குள் வரி 4,57,000க்கு மேல். ஆல்பம் அச்சுக்கும் கேமராவுக்கும் கிடைக்கிற இன்புட் அந்த வித்தியாசத்தை மூடாது. அவர் தாராளமாகச் சேரலாம். வெளிமாநிலத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது ஒரு நிபந்தனை, காரைக்கால் கல்யாணம் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அது புதுச்சேரி. பியூட்டி பார்லர், சலூன்காரர்கள் காம்போசிஷனுக்கு அவசரப்பட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் அவர்களுக்குச் சாதாரண விகிதமே இன்புட் இல்லாமல் 5 சதவீதம் ஆகிவிட்டது.

நம்பர் எடுத்த பிறகு வருகிற ஒரு வலியையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பாலத்துக்காக எடுத்த நம்பர் பாலத்தோடு நிற்காது. அடுத்த மாதம் ஒருவருக்கு மெட்டீரியலோடு கடை கட்டிக் கொடுத்தாலும் 18 சதவீதம் போட வேண்டும். அவர் வீட்டுக்காரரோ சின்னக் கடைக்காரரோ. 5 லட்சம் வேலைக்கு 90,000 கூடுதல் என்றால் முகம் மாறும். பக்கத்து ஊர் மேஸ்திரி நம்பர் இல்லாமல் குறைத்துக் கேட்பார். இதில் நியாயமான வழி ஒன்று இருக்கிறது. பொருளை அவரையே நேரடியாகக் கடையில் வாங்கச் சொல்லுங்கள்; நீங்கள் லேபர் மட்டும் எடுங்கள். புதுத் தனி வீடு என்றால் வரியே இல்லை. கடை என்றால் வரி உண்டு, ஆனால் உங்கள் கூலித் தொகைக்கு மட்டும். பில் இல்லாமல் செய்து கொடுக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு வந்தபின் எதையும் மறைக்க முடியாது.

மனைவி பெயரில் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரம்பு ஒரு பான் கார்டுக்கு என்பதால் பலர் இப்படி யோசிக்கிறார்கள். உங்கள் மனைவி சொந்தமாகத் தையல் கடை வைத்து நடத்தினால் அது அவர் தொழில், அவர் கணக்கு. யாரும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் வேலையை நீங்கள் எடுத்து, ஆளை நீங்கள் கட்டி மேய்த்து, பணத்தை மட்டும் அவர் கணக்கில் போட்டால் அது உங்கள் தொழில்தான். நோட்டீஸ் அவர் பெயரில் வரும், பதில் சொல்லத் தெரியாமல் அவர் நிற்பார். அறுவடை மிஷினின் ஆர்.சி. உங்கள் பெயரில், கடன் உங்கள் பெயரில், வாடகை மட்டும் மனைவி கணக்கில் என்பதும் அதே கதைதான். வேண்டாம்.

பதிவு செய்வதற்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், போட்டோ, இடத்துக்கு ஆதாரமாக வீட்டுவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம் போதும். தொழில் முகவரியாகச் சொந்த வீட்டையே கொடுங்கள். நம்பர் இல்லாதவரிடம் வாடகைக்கு ஓர் அறை எடுத்து அலுவலகம் வைத்தால், அந்த வாடகைக்கும் 18 சதவீதம் நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும், 2024 அக்டோபர் 10 முதல் இது உண்டு. பிறகு இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் வீண் வேலை. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பதிவில் கொடுக்கிற மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பதிவு செய்து கொடுப்பவர் தன்னுடைய எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு அவரோடு மனஸ்தாபம் வந்தால் நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆதார் நகலையும் ஓ.டி.பி.யையும் தெரியாதவரிடம் கொடுத்தால் உங்கள் பெயரில் வேறு யாரோ கம்பெனி நடத்துவார்கள்.

ரிட்டர்ன் விஷயம் எளிது, ஆனால் தவறக் கூடாது. வரவு 5 கோடிக்குள் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டுகிற 3பி ரிட்டர்ன். நடுவில் இரண்டு மாதம் வரி இருந்தால் அடுத்த மாதம் 25க்குள் சலான் மட்டும். வேலையே இல்லாத காலாண்டிலும் பூஜ்ய ரிட்டர்ன் போட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், பூஜ்யம் என்றால் 20; உங்கள் அளவுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000, பூஜ்யம் என்றால் 500 என்று உச்சவரம்பு உண்டு. மூன்று வருஷம் தாண்டிய பழைய ரிட்டர்னை இப்போது தளமே ஏற்பதில்லை. பில்களையும் ஒப்பந்தத் தாள்களையும் ஆறு ஏழு வருஷம் ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள், எலியும் மழைத் தண்ணீரும் படாத இடத்தில்.

ஒரு டெண்டருக்காக நம்பர் வாங்கிவிட்டு அதன்பிறகு திரும்பியே பார்க்காதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பாலம் முடிந்து, அடுத்த வருஷம் வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும், அரசு வேலையும் வேண்டாம் என்று தோன்றினால் முறைப்படி ரத்துக்கு விண்ணப்பியுங்கள். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் ஒன்று, ஜி.எஸ்.டி.ஆர்-10, போட்டால்தான் கணக்கு முடியும். சும்மா விட்டால் அவர்களே ரத்து செய்வார்கள், ஆனால் பாக்கி அப்படியே நிற்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒன்றிய அலுவலகத்தில் அந்த எஸ்டிமேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு ரேட் போடுங்கள். இல்லை, எல்லாம் உட்பட என்று இருந்தால், வரி எதுவும் சேர்க்காமல் போட்ட உங்கள் ரேட்டை 1.18ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகைக்குக் கீழே அந்த வேலையை எடுக்காதீர்கள்.